அப்பா மினுக்கிய இரும்பு

உலோகங்கள் ஏன் முறிகின்றன என்று படிப்பிப்பது என் தொழில். எங்கள் வீட்டில் அதற்குச் சல்லிக்காசு மதிப்பில்லை.

அரியாலை வீட்டில் அப்பாவின் பழைய ஏ-40 கார் ஓடாமல் படுத்துக் கிடந்தது. ஸ்டியரிங்கோடு சேர்ந்து முன்சில்லைத் திருப்புகிற இரும்புக் கை தேய்ந்துவிட்டது. மாற்றுச் சாமான் எங்கும் கிடைக்கவில்லை. ஜெர்மனியில் இருக்கும் தம்பி, தன் வேலைத்தலத்து இயந்திரத்தில் அதே துண்டை அச்சடித்து அனுப்பினான். உலோகத் தூளைப் படைபடையாகப் பரப்பி, லேசரால் உருக்கி எழுப்பியது. அப்பா அதை ஊரெல்லாம் காட்டினார். புத்தூரில் நடக்கவிருந்த சொந்தக்காரர் கலியாணத்துக்குக் காரில்தான் போவதென்று அறிவித்தும் விட்டார்.

ஒரே குறை, துண்டு சொரசொரவென்று மங்கலாக இருந்தது. மகன் செய்தது மினுங்க வேண்டாமா? எமரித் தாளை எடுத்துத் தேய்த்தார். தேய்த்த இடத்தில் ஊசி குத்தியதுபோல் துளைகள் தெரிந்தன. அவற்றை அழிக்க இன்னும் தேய்த்தார். இன்னும் துளைகள் வந்தன.

"பிள்ளை, உது தேய்ச்சால் போயிடும்."

"அப்பா, உது ஊத்தை இல்லை. சரியாய் உருகாமல் விட்ட இடம். உள்ளுக்கை கிடந்ததை நீங்கள் வெளியிலை எடுத்துவிடுறியள்."

"நான் மேலை ஏறி நிண்டு பார்த்தனான். அசையேல்லை."

ஒரேயடியாக வைக்கும் பாரத்தைத் துளையுள்ள இரும்பும் ஒருமாதிரிச் சுமந்துவிடும். ஓயாத குலுக்கலில்தான் துளையின் கூரான ஓரத்தில் வெடிப்புப் பிறக்கும். ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கொஞ்சம் நீளும்; ஒருநாள் ஓட்டத்திலேயே முறியும். எல்லாம் சொன்னேன். அப்பா நன்றாகத் தலையாட்டிவிட்டுத் துண்டைப் பூட்டினார். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது, அதைவிடப் பயம்.

கலியாணத்தன்று காலை சில்லுகளுக்கடியில் தேசிக்காயும் வைத்தாயிற்று.

"அம்மாவையும் உதிலைதான் ஏத்திக்கொண்டு போகப் போறியளோ?" என்றேன்.

அப்பா குனிந்து முன்சில்லைப் பார்த்தார். "கொம்மா உன்னோடை பஸ்ஸிலை வரட்டும்."

பட்டுச் சேலையோடு வெளியே வந்த அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. கார்க்கதவைத் திறந்து முன்சீற்றில் ஏறி இருந்தார்.

"உங்களைத் தாங்குமெண்டால் என்னையும் தாங்கும். எடுங்கோ காரை."

"இறங்கும்," என்றார் அப்பா.

"எடுங்கோ எண்டுறன்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்பானரோடு முன்சில்லடியில் குந்தினார். துண்டைக் கழற்றி என் கையில் தரும்வரை அம்மா இறங்கவில்லை.