இலையோடு போன ரிடெய்னர்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

கலஹாவில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் அன்னதானத்தன்று ஒரு பெண்மணியைச் சந்தித்தேன். கண்டியில் புடவைக் கடையொன்றில் வேலை செய்பவர், நாற்பதைக் கடந்தவர். பந்தியில் சிரிப்பு வந்தபோதெல்லாம் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டார்.

பந்தி முடிந்தபின் அவர் எச்சில் இலைக் குவியலில் ஒவ்வோர் இலையாக விரித்துத் தேடிக்கொண்டிருந்தார். தாலிக்கொடியோ என அஞ்சி அருகே சென்றேன்.

“பல்லுக்குப் போடுற ரிடெய்னருங்க ஐயா. சாப்பிடக் கழட்டி, யாரும் பார்க்கக் கூடாதுன்னு இலைத்துண்டுல சுத்தி வச்சேன். இலையை மடிக்கிறப்போ சேர்த்து மடிச்சிட்டேன்.”

“பல்லு நேராத்தானே இருக்கு தாயி, இனி அது எதுக்கு?”

“கிளிப்பு கழட்டினதும் நானும் அப்படி நெனச்சுத்தான் கொஞ்ச நாள் போடாம விட்டேன். முன்பல்லு திரும்ப விலக ஆரம்பிச்சிருச்சு. பல்லு பழைய எடத்தை மறக்காதுங்க. இந்த வயசுல கிளிப்பான்னு கடையில எத்தனை கேலி! அவ்வளவும் வீணாப் போகலாமா?”

நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தேன். பருப்பு படிந்த ஓர் இலைக்குள் அது கிடைத்தது. குழாயடியில் கழுவியதை வைத்துக்கொள்ள என் மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கொடுத்தேன்.

“அப்போ கண்ணாடிக்கு?”

“அது எப்பவும் என் மூக்குலதான் இருக்கும்.”

அவர் சிரித்தார். இரு கைகளும் கூட்டைப் பற்றியிருந்ததால் முந்தானை எழவில்லை. அழகிய பல்வரிசை முழுதும் தெரிந்தது. பல் நேரான பின்னும் வாயை மறைக்கவே எழும் அவர் கையும், பற்களைப் போலவே பழைய இடத்தை மறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பெயரைக் கேட்கத் தவறிவிட்டேன். ஆதலால் இவ்விவரத்தையாவது தங்கள் இதழில் பத்திரமாக வைத்திருக்குமாறு தங்களை வேண்டுகிறேன்.