ஆஃப் அக்காவும் இரண்டு நிமிடமும்

அந்தப் பக்கத்தில் அவளை எல்லோரும் ஆஃப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும், போகிற போக்கில் இரண்டு ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் உட்காருவாள். அதைக் குறை சொல்ல முடியாது. கரண்ட் கம்பி எட்டாத மேட்டில், கூரையில் சோலார் தகடு, ஸ்டோர் ரூமில் பேட்டரி, கொல்லையில் டீசல் ஜெனரேட்டர் என்று குடும்பம் நடத்துகிறவளுக்கு வேறு என்ன புத்தி வரும்?

அவள் வீட்டுக்காரர் வேலையில் இருந்த காலமெல்லாம் வீடு வீடாக மீட்டர் பார்த்தவர். ரிட்டயர் ஆனதும், இனி மீட்டர் முகத்தில் முழிக்கக் கூடாது என்று தேடிப் பிடித்து வாங்கிய இடம் இது. வந்த இடத்தில் அவள் சும்மா இருக்காமல், குஞ்சு பொரிக்கும் மிஷின் ஒன்று வாங்கி வாத்துக்குஞ்சு வியாபாரம் தொடங்கினாள். வியாபாரம் நன்றாகப் போனது. அவள்தான் எங்கும் போக முடியவில்லை.

மிஷினுக்குக் கரண்ட் நின்றால் முட்டை அத்தனையும் பாழ். பேட்டரி இறங்கினால் ஜெனரேட்டர் தானாக ஸ்டார்ட் ஆக இன்வெர்ட்டரில் ஒரு செட்டிங் உண்டு. உண்டு என்பதோடு சரி. வாங்கிய நாள் முதல் ஒரு தடவைகூட அது தானாகக் கிளம்பியதில்லை. பட்டனை அழுத்தினால் சமர்த்தாக ஓடும். அழுத்த ஆள் வேண்டுமே? வீட்டுக்காரரை நம்ப முடியாது. படுத்தால், பக்கத்தில் இடி விழுந்தாலும் புரண்டு படுக்கிற ஜென்மம்.

அதனால் மகளின் முதல் பிரசவத்துக்கு அவள் போகவில்லை. பேரனைப் போனில்தான் பார்த்தாள். இப்போது இரண்டாவது நெருங்கிவிட்டது. “நீ வராட்டியும் பரவாயில்லம்மா, பழகிடுச்சு” என்று மகள் சொன்னதிலிருந்து ஆஃப் அக்காவுக்கு மனசே சரியில்லை.

வீட்டுக்காரர் செட்டிங்கைப் போட்டுக் குடைந்தார். வோல்டேஜ் அளவை ஏற்றினார், இறக்கினார், ஒயரை மாற்றினார், கடைசியில் ஜெனரேட்டரை வாய்க்கு வந்தபடி திட்டினார். அது அசரவில்லை. மெக்கானிக்கை வரவழைத்தார்கள்.

“மோட்டார், அயர்ன் பாக்ஸ், வாஷிங் மிஷின், எல்லாத்தையும் ஒண்ணாப் போடுங்க” என்றார் மெக்கானிக். பேட்டரி இறங்கியது. இன்வெர்ட்டர் பீப் பீப் என்று கத்தியது. கொஞ்ச நேரத்தில் வாயை மூடிக்கொண்டது. மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் அதே கதை. மூன்றாம் முறை அவர் இன்வெர்ட்டரை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஆஃப் அக்கா அயர்ன் பாக்ஸ் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, என்ன பண்றீங்க?”

“பீப் அடிக்குதே தம்பி, அணைக்க வேணாமா? எப்பவும் எல்லாத்தையும் அணைச்சுட்டு, ஓடிப்போய் பட்டனை அழுத்திடுவேன்.”

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். “வோல்டேஜ் இறங்கி, ரெண்டு நிமிஷம் அப்படியே நின்னாத்தான் அது தானா கிளம்பும். நீங்க அதுக்குள்ள அணைச்சு வோல்டேஜை ஏத்தி விட்டுடுறீங்க. அதுக்கு நீங்க சான்ஸே குடுக்கலையே!”

ஆஃப் அக்காவைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டுக்காரர் சுவிட்ச் போர்டை மறைத்துக்கொண்டு நின்றார். பீப் தொடங்கியது.

“என்னங்க, அந்த ஃபிரிட்ஜை மட்டும்...”

“அசையாதே!”

“கை அரிக்குதுங்க.”

“அரிக்கட்டும்.”

பிரசவ வலிக்குக்கூட அவள் இப்படிப் பல்லைக் கடித்ததில்லை. கொல்லையில் ஏதோ செருமியது. பிறகு ஜெனரேட்டர் தடதடவென்று கிளம்பியது. வீட்டுக்காரர் கைதட்டினார்.

“இவ்வளவுதான்க்கா. நீங்க ஒரு நாள் வெளியூர் போயிருந்தாலே அதுபாட்டுக்கு ஸ்டார்ட் ஆயிருக்கும்” என்று சிரித்தார் மெக்கானிக்.

ஆஃப் அக்கா சிரிக்கவில்லை. கையைக்கூட வெளியே எடுக்கவில்லை. “அப்போ அன்னிக்கே போயிருக்கலாமா? பேரன் பொறந்தப்ப?” என்றாள்.

கேலி செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் வீட்டுக்காரருக்கு ஆயுசுக்கும் கிடைக்காது. அவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “நீ மட்டுமா? பீப் அடிச்சா நானும்தான் ஓடிப்போய் மோட்டாரை அணைப்பேன்” என்றார்.

அந்த மனிதர் பிறந்ததிலிருந்து எதையும் அணைத்தவரில்லை. அது அவளுக்கும் தெரியும், மெக்கானிக்குக்குமே இந்நேரம் தெரிந்திருக்கும். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆமா, நீங்களும்தான்” என்றாள். “சரி, பஸ் எப்போன்னு கேளுங்க. நான் இன்னிக்கே கிளம்புறேன்.”