என் தட்டில் கோதுமையைச் சேர்த்த கை

கடந்த பங்குனியில் என் இரண்டு முழங்கைகளிலும் கொப்புளங்கள் கிளம்பின. வைகாசியில் முட்டிகளிலும் வந்தன. அரிப்பு தாங்க முடியவில்லை.

நான் பெரம்பலூரில் வசிக்கிறேன். வயது ஐம்பத்தொன்று. அரியலூரில் நில அளவை அலுவலகத்தில் எழுத்தர். எனக்குச் சீலியாக் நோய் இருப்பது இரண்டு வருடங்களுக்கு முன்பு தெரிந்தது. கோதுமை, மைதா, ரவை எதுவும் துளி கூட ஆகாது. அன்றிலிருந்து சாப்பிடுவதை வேளை வாரியாக டைரியில் எழுதி வருகிறேன். வயிறு சரியானது. அந்த நன்றியில் கடந்த தை மாதத்திலிருந்து தினமும் காலையில் எங்கள் தெரு மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். அப்படியிருந்தும் இந்தப் புது உபத்திரவம்.

தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, “எங்கேயோ இருந்து கோதுமை உள்ள போகுதுங்க” என்றார்.

டைரியை மூன்று முறை படித்தேன். ஒரு பிழையும் இல்லை. அப்படியானால் யாரோ ஏமாற்றுகிறார்கள். முதலில் மாவு மில்லைச் சந்தேகித்தேன். அரிசியை வீட்டிலேயே அரைத்தோம். கொப்புளம் அடங்கவில்லை. பிறகு சந்தேகம் என் மனைவி செல்வியின் மேல் விழுந்தது. எழுதவே கூசுகிறது. மாவு டப்பாவில் பென்சிலால் அளவுக்கோடு போட்டேன். கரண்டியை முகர்ந்தேன். பிஸ்கட் உறை கிடக்கிறதா என்று குப்பையைக் கிளறினேன்.

அவள் பார்த்துவிட்டாள். “ஏங்க, ஊரு நெலத்த அளந்தது பத்தாதுன்னு டப்பாவையும் அளக்குறீங்களா?” என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. “நீதான் எதையோ கலக்குறே” என்று சொல்லிவிட்டேன்.

“உங்களுக்காக நானும் சப்பாத்திய வுட்டு ரெண்டு வருசமாச்சு. இனிமே நீங்களே பொங்கித் தின்னுங்க.”

மறுநாள் ஆண்டிமடத்தில் உள்ள தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். போனை எடுக்கவில்லை.

ஒரு மாதம் நானே சமைத்தேன். கொப்புளங்கள் புதிது புதிதாக வந்தன.

ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை. அதுவரை அம்மனிடம், “யார் செய்கிறார்கள் என்று காட்டு” என்றே கேட்டு வந்தேன். அன்று, “தாயே, இதைச் செய்தது செல்வி இல்லை. தப்பு எங்கே என்று காட்டு. என்னிடம் இருந்தாலும் காட்டு” என்று அழுதேன்.

பூசாரி வழக்கம்போல் தொன்னையில் புளியோதரை கொடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயருகே கொண்டு போனேன். கை நின்றுவிட்டது. தை மாதத்திலிருந்து தினமும் இதைச் சாப்பிடுகிறேன். ஒருநாளும் டைரியில் எழுதியதில்லை. பிரசாதத்தை உணவென்று நான் நினைக்கவே இல்லை.

“அண்ணே, இதுக்கு என்ன பெருங்காயம் போடுறீங்க?”

“ஏன் சார், வாசம் தூக்கலா இருக்கா?” என்றபடி டப்பாவை எடுத்து வந்தார். அதில் சேர்மானம் அச்சிட்டிருந்தது. பெருங்காயத்தோடு மைதா. அந்த வகையை வீட்டில் எப்போதோ நிறுத்தியிருந்தோம். கோயிலில் கேட்கத் தோன்றவில்லை. பூசாரி மேல் என்ன குற்றம்? வாயில் போட்டது என் கை.

அன்றே லீவு போட்டு ஆண்டிமடம் போனேன். செல்வி முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

“நான் பொங்குனதுக்குக் கோடு போட்டீங்க. கோயில் சோத்துக்கு மட்டும் கண்ண மூடிக்கிட்டீங்களாக்கும்?”

“தப்புதான் செல்வி. மன்னிச்சிடு.”

அவள் இன்னும் நாலு கொட்டையை உடைத்தாள். பிறகு, “இன்னும் அரை மூட்டை கெடக்கு. ஞாயித்துக்கிழமை வரேன்” என்றாள்.

வந்தாள். பிரசாதத்தை நிறுத்தி, மருத்துவர் தந்த மாத்திரையையும் விடாமல் சாப்பிட்டேன். ஐப்பசிக்குள் தோல் ஆறிவிட்டது. இப்போது இருவரும் சேர்ந்து கோயிலுக்குப் போகிறோம். எனக்குத் திருநீறும் பூவும் மட்டும். அதுவே நிறைவாக இருக்கிறது.

இதைப் படிக்கும் அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம் இருக்கலாம். அதையும் எடுத்துக்கொண்டு அம்மன் முன் வந்து நில்லுங்கள். யாரையும் தண்டிக்கச் சொல்லாமல், உண்மையை மட்டும் கேளுங்கள். எனக்குக் காட்டியவள் உங்களையும் கைவிட மாட்டாள்.