சவுக்குத்தோப்பில் நின்றது நான்தான்

நான் போகாத இடத்துல என்னைப் பார்த்ததா ஜனங்க சொல்ல ஆரம்பிச்சாங்க. என் கஷ்டம் அப்படித்தான் தொடங்கிச்சு.

தொண்ணூத்தெட்டாம் வருஷம், மே மாசம். அப்ப நான் ராணுவத்துல டாக்டர். கேப்டன் எஸ்தர். செய்யூருக்குக் கிழக்கே, கடலோரக் கிராமத்துல பொறந்தவ. அடுத்தவங்க நிலத்துல கடலை பிடுங்கிப் பொழைச்ச குடும்பம் எங்களுது. அப்பாவுக்கு அணுமின் நிலையத்துக்காரங்க குடியிருக்கிற அணுபுரம் டவுன்ஷிப்ல வேலை கிடைச்சதால நான் படிச்சேன். ராணுவ மருத்துவக் கல்லூரியில எம்.பி.பி.எஸ். முடிச்சதும் பனிமலைக்குப் போட்டாங்க. அங்க ஒரு சிப்பாய், வயித்துல காயத்தோட வந்தான். பனி விழுந்து ரோடு அடைச்சிருந்தது. ஆபரேஷன் பண்ற டாக்டர் மலைக்குக் கீழே. என் கையைப் பிடிச்சபடியே அவன் போயிட்டான். நான் சர்ஜன் ஆகணும்னு அன்னைக்கு ஆண்டவர்கிட்ட கேட்டேன்.

ராணுவ டாக்டர்களுக்குள்ளேயே பரீட்சை வெச்சுத்தான் மேல்படிப்புக்கு எடுப்பாங்க. சர்ஜரிக்கு இடம் ரொம்பக் கொஞ்சம். ரெண்டு தடவை எழுதியும் கிடைக்கல. மூணாவதுதான் கடைசி. லீவு போட்டுட்டு வந்து, வீட்டு அறையில உக்காந்து படிச்சேன்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு சரோஜாக்கா கேட்டாங்க: "இன்னா டாக்டரு, நேத்து மத்தியானம் சவுக்குத்தோப்புல நின்னுகினு இருந்தியே? கூப்டேன் கூப்டேன், திரும்பிக்கூட பாக்கல?"

"நான் இல்லக்கா. நேத்து பூரா வீட்டுலதான் படிச்சேன்."

"நீதாம்மா. இதே பச்சை சுடிதாரு."

சிரிச்சுட்டு விட்டுட்டேன். ஆனா உள்ளே வந்து பார்த்தா, என் செருப்புல ஈர மணல். நான் கடற்கரைப் பக்கம் போய் ஒரு வாரம் ஆயிருந்தது.

அப்புறம் கடலை ஆயப் போன பொம்பளைங்க பார்த்ததா சொன்னாங்க. மீன் கூடைக்காரங்க சொன்னாங்க. எப்பவும் உச்சி வெயில் நேரம். எப்பவும் அந்தத் தோப்பு. எனக்கோ நான் அறையை விட்டு எழுந்ததாவே ஞாபகம் இல்ல. இடையில எங்கிருந்தோ ரப்பர் தீயற வாசனை வரும். அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தா வெயில் ஜன்னல்ல இடம் மாறியிருக்கும்.

ஒரு நாள் நெஜமாவே தோப்புக்குள்ள நின்னுகிட்டிருந்தேன். எப்படி வந்தேன்னு தெரியல. வெறுங்கால். காத்து நின்னுபோய், அத்தனை மரமும் அசையாம இருந்தது. எதிர்ல ஆடு ஓட்டிட்டு வந்த ஒரு அம்மா, என் முகத்தைப் பார்த்ததும் ஆட்டையெல்லாம் விட்டுட்டு ஓடினாங்க. எதைப் பார்த்து ஓடறாங்கன்னு நான் பின்னாடி திரும்பிப் பார்த்தேன். அங்க யாரும் இல்ல.

அம்மாகிட்ட சொன்னதும் அவங்க அழுதுட்டாங்க. "எனக்குத் தெரியும்டி. சொல்லாம வெச்சிருந்தேன். கண்ணு தெறந்திருக்கும், கூப்ட்டா கேக்காது. வாயில ஒண்ணுமே இருக்காது, ஆனா மென்னுகினே இருப்பே. துப்பட்டாவைக் கிள்ளிகினே இருப்பே. அது நீ இல்லம்மா."

தோப்புல முன்னாடி தூக்கு மாட்டிக்கிட்ட ஒரு பொண்ணு என்னைப் பிடிச்சுகிட்டான்னு ஊர்ல பேச்சு. சபையிலயும் அப்படித்தான் நினைச்சாங்க. வந்து என் தலையில கை வெச்சு, "வெளியே போ, வெளியே போ"ன்னு சத்தமா ஜெபிச்சாங்க. அன்போடதான் செஞ்சாங்க. ஆனா என் தலையைப் பிடிச்சுகிட்டு, எனக்குள்ள இருக்கிற வேற யார்கிட்டயோ அவங்க பேசறப்ப, நானும் அதை நம்ப ஆரம்பிச்சேன். கண்ணாடி பார்க்க பயந்தேன். கண்ணாடியில இருக்கிறவ அந்த மாதிரி மென்னுகிட்டிருந்தா?

இவ்வளவு படிச்சவளுக்குத் தெரியலையான்னு நீங்க கேக்கலாம். எனக்கு வந்திருந்த நோயைப் பத்தின பாடத்தை அதே மாசம் ரெண்டு தடவை படிச்சிருந்தேன். ஆனா அடுத்தவங்க உடம்பைப் பார்க்கத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாங்க.

அணுபுரத்துல ராகவன்னு ஒரு கேப்டன் லீவுல வந்திருந்தான். என் வகுப்புத் தோழன். அவங்க அப்பா விஞ்ஞானி. அவனும் சர்ஜரிக்குத்தான் எழுதறான். அவன் வீட்டுல சேர்ந்து படிக்கலாம்னு கூப்பிட்டிருந்தான். போற வழியில பஸ்ல ஜெபிச்சேன். நல்ல ஜெபம்னு சொல்ல முடியாது. "ஆண்டவரே, எனக்குள்ள யார் இருக்காங்கன்னு காட்டுங்க. சீட்டு போனாலும் போகட்டும். தெரியாம மட்டும் என்னை விட்டுடாதீங்க." அவ்வளவுதான் சொல்ல வந்தது.

பழைய கேள்வித்தாளை ஜெராக்ஸ் எடுக்க ரெண்டு பேரும் ஸ்கூட்டர்ல மாமல்லபுரம் போனோம். கரண்ட் போயிடுச்சு. வர்ற வரைக்கும் கடற்கரைக்குப் போகலாம்னான். மத்தியான வெயில். ஜனம் இல்ல. சிற்பக்கூடத்துல எல்லாம் உளிச் சத்தம் டக்டக்னு கேட்டுகிட்டே இருந்தது. ராகவன் இளநீர் வாங்க ரோட்டுப் பக்கம் போனான். திடீர்னு உளிச் சத்தம் மொத்தமா நின்னுபோச்சு. ரப்பர் தீயற வாசனை.

அடுத்தது எனக்குத் தெரிஞ்சது, வாயில உப்புத் தண்ணி. கழுத்தளவு கடல். ராகவன் என் கையை முறுக்கிப் பிடிச்சு இழுத்துகிட்டிருந்தான். கரையில உக்கார வெச்சு, என் பேரு, ஊரு, தேதி எல்லாம் கேட்டான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"எஸ்தர், நீ பாட்டுக்கு உள்ளே நடந்து போயிட்டிருந்தே. மென்னுகிட்டே போனே. இது வலிப்பு. விழுந்து துடிக்கிறது மட்டும் வலிப்பில்ல, உனக்கே தெரியும். எத்தனை நாளா இருக்கு?"

வலிப்பு. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு பயம் போயிடுச்சு. நம்புவீங்களா? பேயும் இல்ல, பொண்ணும் இல்ல. தோப்புல நின்னது நான்தான். அந்த ரப்பர் வாசனையும் என் மூளை காட்டினதுதான். ஆனா உடனே அடுத்த பயம் வந்துச்சு.

"ராகவா, யார்கிட்டயும் சொல்லாதே. பரீட்சை முடியட்டும்."

அவன் சொல்லாம இருந்திருக்கலாம். இல்ல, என்னைக் கேக்காமலே மேலிடத்துக்குச் சொல்லி என்னைத் தள்ளி விட்டிருக்கலாம். ரெண்டும் செய்யல. "பரீட்சை முடிஞ்சு நீ சர்ஜனாகி, ஒருத்தன் வயித்தைத் திறந்து வெச்சுகிட்டு நிக்கறப்ப இது வந்தா? நீயே சொல்லு," அப்படின்னான். மலையில செத்த சிப்பாயோட முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

மறுநாள் அவனும் அம்மாவும் என்னை மெட்ராஸ் கூட்டிட்டுப் போய் ஸ்கேன் எடுத்தாங்க. மூளையில உளுந்து அளவுக்கு ஒரு புள்ளி. நாடாப்புழுவோட முட்டை வயித்துல போய், மூளையில தங்கிட்ட நீர்க்கட்டி. நம்ம நாட்டுல நிறைய பேருக்கு வர்றதுதான், மாத்திரையில கரைஞ்சு போகும்னு பெரிய டாக்டர் சொன்னார். அம்மா அங்கேயே முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் பண்ணாங்க.

எல்லாத்துக்கும் விளக்கம் கிடைச்சுட்டதுன்னு நினைச்சேன். அப்பத்தான் ஆஸ்பத்திரி வராந்தாவுல ராகவன் கேட்டான்:

"மிட்டுன்னு உனக்கு யார் சொன்னா?"

"எது மிட்டு?"

"என் பேரு. எங்க அம்மா மட்டும் கூப்பிடற பேரு. நேத்து நான் இளநீர்க் கடையில உனக்கு முதுகு காட்டி நின்னுட்டிருந்தேன். காதுகிட்ட வந்து மிட்டுன்னு கூப்பிட்டியே? அதைக் கேட்டுத்தான் திரும்பினேன். பார்த்தா நீ அவ்வளவு தூரத்துல, தண்ணிக்குள்ள."

"நான் கூப்பிடல ராகவா. அந்த நேரத்துல என்னால பேசவே முடியாது. அந்தப் பேரும் எனக்குத் தெரியாது."

"உன் குரல்தான் எஸ்தர்."

அவன் கோயிலுக்கும் போகாதவன், சபைக்கும் வராதவன். அதுக்கப்புறம் ரொம்ப நேரம் எங்க ரெண்டு பேர் கை ரோமமும் எழுந்தே நின்னது. அம்மா மட்டும் சாதாரணமா சொன்னாங்க: "கர்த்தருக்கு எல்லார் பேரும் தெரியும்பா."

நோயை நானே ராணுவத்துல சொன்னேன். மருத்துவக் குழு பார்த்துட்டு, பரீட்சை எழுதலாம், ஆனா சர்ஜரி எடுக்கக் கூடாதுன்னு எழுதிட்டாங்க. எழுதினேன். ராகவனை விட எனக்குத்தான் மார்க் அதிகம். சர்ஜரி சீட்டு அவனுக்குப் போச்சு. எனக்கு மனநோய் மருத்துவம் கிடைச்சது. சந்தோஷமா வாங்கிகிட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் உள்ளுக்குள்ள அழுதுகிட்டேதான் படிச்சேன்.

அடுத்த ஸ்கேன்ல புள்ளி இல்ல. மாத்திரையும் கொஞ்ச வருஷத்துல நின்னுச்சு. வேலையில சேர்ந்த பிறகுதான் புரிஞ்சது, ஆண்டவர் என்னை எதுக்கு அங்க உக்கார வெச்சார்னு. காவல் நிக்கறப்ப வேற யாரோ போல நடந்துக்கிட்டான்னு கையைக் கட்டிக் கூட்டிட்டு வருவாங்க, சின்னச் சின்னப் பையன்களை. எல்லாரும் அவனைப் பார்த்துப் பயப்படுவாங்க. அவன் தன்னைப் பார்த்தே பயந்துபோய் உக்காந்திருப்பான். நான் முதல்ல கட்டை அவிழ்க்கச் சொல்லுவேன். அப்புறம் பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காருவேன். எனக்கு அவங்களைக் கண்டு பயம் இல்ல.

இதைப் படிக்கிற உங்க வீட்டுலயும் யாருக்காவது என்ன நடக்குதுன்னே புரியாம இருக்கலாம். ஒளிச்சு வெக்காதீங்க. கட்டி வெக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, மாத்திரையை வேளைக்குக் கொடுங்க. முழங்கால் போட்டு ஜெபமும் பண்ணுங்க. நான் கேட்டது சீட்டு, கிடைச்சது உயிர். அன்னைக்கு என் குரல்ல பேசினவர் உங்க வீட்டுக்கும் தூரமானவர் இல்ல. அவரை நம்பிப் பாருங்க.