பிப்பும் மாமனார் சட்டையும்

பெங்களூரிலிருந்து மகள் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு வாரமாகிறது. வீடு முழுக்கப் பால் வாசம். நேற்று மத்தியானம் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. பிரித்தால் உள்ளே பச்சை நிறத்தில் ரப்பர் மாதிரி ஒரு சமாச்சாரம். கழுத்தில் மாட்ட ஒரு வளையம், கீழே தொட்டி போல ஒரு மடிப்பு. சிலிக்கான் பிப்பாம். ராகிக்கூழ் ஊட்டும்போது சிந்துவதெல்லாம் அந்தத் தொட்டியில் விழுந்துவிடுமாம். பேரன் ரொம்ப மரியாதையாக அதை மாட்ட விட்டான். கூழ் பாதி முடிகிற வரைக்கும் பொறுமையாக இருந்தான். பிறகு இரண்டு கையாலும் இழுத்துக் கழற்றி, தொட்டியில் சேர்ந்திருந்த கூழைத் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டான்.

மகள் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். குழந்தைகளுக்கு நிஜமாகவே பிப் தேவையா என்று அதில் பெரிய வாக்குவாதமே நடக்கிறதாம். ஒரு தாய் பிப் இல்லாமல் முடியவே முடியாது என்கிறாளாம், இன்னொருத்தி கழுத்து மடிப்பு புண்ணாகிவிடும் என்கிறாளாம். "நீங்க என்னங்கப்பா சொல்றீங்க? எனக்குப் பிப் போட்டீங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

"உனக்குப் போடல கண்ணு, எனக்குத்தான் போட்டாங்க" என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு குழந்தையின் தலையைக் கழுவப் போய்விட்டாள். நீங்களாவது உட்கார்ந்து கேளுங்கள்.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது நாங்கள் ரத்தினபுரியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அவளுக்குப் பல் முளைக்கிற பருவம். ஜொள்ளு என்றால் சாதாரண ஜொள்ளு இல்லை, குழாயைச் சரியாக மூடாமல் விட்ட மாதிரி. பக்கத்து வீட்டில் சொன்னார்களென்று என் மனைவி பழைய பாவாடைத் துணியில் நாடா வைத்து ஒரு பிப் தைத்துக் கட்டிவிட்டாள். பாப்பா அதை இழுத்து வாய்க்குள் திணித்துச் சப்பினாள். நனைந்த துணி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டதும் தும்மினாள். அன்றோடு பிப் அடுப்படிப் பிடிதுணியாகிவிட்டது, முந்தானையே போதும் என்று ஆகிவிட்டது. முந்தானைக்குப் பக்கத்தில் நிற்க இந்தச் சிலிக்கானுக்கெல்லாம் யோக்கியதை கிடையாது என்பது என் அபிப்பிராயம். மகளிடம் சொல்ல முடியாது, அவள் சேலை கட்டுவதே தீபாவளிக்குத்தான்.

ஆக, குழந்தைக்கு ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் எனக்குத்தான். அப்போது நான் காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் குடோனில் வேலை பார்த்தேன். மூட்டை பிரிப்பதும் விலைச் சீட்டு ஒட்டுவதும்தான் வேலை. குடோனில் இருப்பவன் எந்தச் சட்டை போட்டிருக்கிறான் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? அப்படியிருக்கும்போது வேட்டி துண்டு கவுன்டரில் இருந்தவர் வேலையை விட்டுவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து நீ வந்து நில், சரிப்படாவிட்டால் மறுபடி குடோனுக்கே போய்விட வேண்டும் என்றார் முதலாளி. எனக்குத் தலைகால் புரியவில்லை. கவுன்டர் என்றால் மின்விசிறி உண்டு, மனித முகங்கள் உண்டு. மாமனார் வீட்டுப் பக்கம் யாராவது என்ன வேலை என்று கேட்டால் கூசாமல் பதில் சொல்லலாம்.

முதலாளி ஒரு ராவுத்தர். கல்லாவில் அத்தர் மணக்க உட்கார்ந்திருப்பார், அதிகம் பேசமாட்டார். கவுன்டருக்கு வெள்ளைச் சட்டைதான் போட வேண்டும், அதில் பொட்டுக் கறை இருக்கக் கூடாது. "வேட்டி விக்கறவன் சட்டையில கறை இருந்தா வேட்டியிலயும் இருக்கும்னுதான் நெனப்பாங்க" என்பார்.

என்னிடம் வெள்ளைச் சட்டை இரண்டுதான் இருந்தன. மகளுக்கோ ஒரு பழக்கம். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வீதி முனை வரை போய்த் திரும்ப வேண்டும். அவள் என் இடது தோளில் மோவாயை வைத்துக்கொண்டு காக்காய்களைப் பார்ப்பாள், தோள் ஊறிப்போகும். ஒரு நாள் அதைச் செய்யாமல் கிளம்பினால் அழுகைச் சத்தம் பஸ் ஸ்டாப் வரை கூடவே வரும். அவளுக்காகத்தான் நடந்தேன் என்று சொன்னால் பொய். அந்தக் கனமும் கதகதப்பும் இல்லாமல் எனக்கும் பொழுது விடியாது.

"ஏனுங்க, ஒரு துண்டப் போட்டுக்கிட்டுப் போனா ஆவாதுங்களா?" என்றாள் மனைவி. துண்டா? காடு தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து பேன்ட் போட்டதே துண்டு போடாமல் இருக்கத்தானே! பேன்ட்டும் தோளில் துண்டுமாக வீதியில் நடந்தால் பார்க்கிறவர்கள் சிரிக்கமாட்டார்களா? நாளெல்லாம் துண்டு விற்கப் போகிறவன் அதைத் தோளில் போட வெட்கப்பட்டேன் என்பது இப்போது நினைத்தாலும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. கடைசியில் போட்டுக்கொண்டேன். குழந்தைக்கு வாய்க்காத பிப் எனக்கு வாய்த்தது.

ஆனால் எங்கள் பக்கத்தில் தோள் துண்டுக்கு ஒரு மரியாதை உண்டு. கோயில் வாசலிலும், பெரியவர்களோ சம்பந்தி வீட்டாரோ எதிரே வந்தாலும், துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. அப்பன்மார் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கைக்கே தெரிந்துவிடும்.

அந்தத் திங்கட்கிழமை வந்தது. ராத்திரி பெய்த சாரலில் ஒரு சட்டை கொடியில் காயாமல் தொங்கியது. இன்னொன்றைப் போட்டு, துண்டையும் போட்டு, அப்போதுதான் வயிறு முட்டப் பால் குடித்திருந்த பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வீதி முனைக்குப் போனேன். எதிரே அன்னூர் மாமனார் வருகிறார். பேத்தியைப் பார்க்க முதல் பஸ்ஸைப் பிடித்து, கையில் தயிர்த் தூக்குப்போசியோடு வருகிறார். பாரியான உடம்பு. கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் "வாங்க", "நல்லாருக்கீங்களா" என்பதைத் தாண்டிப் பேச்சு போனதில்லை. அவரைப் பார்த்ததும் என் கை தானாகப் போய்த் துண்டை உருவியது. மாப்பிள்ளை எதிரே வருவதைப் பார்த்து அவரும் தன் துண்டை எடுத்தார். ஆளுக்கொரு துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "வாங்க மாமா", "வாங்க மாப்பிள்ள" என்று நின்றோம். அந்த நேரம் பார்த்துப் பாப்பா குடித்த பால் முழுவதையும் என் தோளில் கக்கினாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்றைக்குக் கவுன்டருக்கு முதல் நாள், மாற்றுச் சட்டை கொடியில் ஈரமாகத் தொங்குகிறது என்று எப்படியோ உளறினேன். அவர் தூக்குப்போசியைக் கீழே வைத்தார். வீதியில் நின்றபடியே தன் சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார்.

"இதப் போட்டுட்டுப் போங்க மாப்பிள்ள. எனக்கென்னங்க, ஊட்டுலதான இருக்கப் போறேன்."

மகள் வீட்டுக்கு வருவதற்காக வெளுத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை. அதற்குள் என்னைப் போல் இரண்டு பேர் குடியிருக்கலாம்.

கவுன்டரில் புது வேட்டிகளின் கஞ்சி வாசம் தூக்கலாக இருந்தது. முதலாளி கல்லாவிலிருந்து ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கணக்கு நோட்டைப் புரட்டப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. வேட்டியை விரிக்க விரிக்க மடித்துவிட்ட சட்டைக் கை அவிழ்ந்து விரல் நுனி வரை வந்தது. உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வயதான தம்பதி விசேஷத்துக்குத் துணி எடுக்க வந்தார்கள். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏனுங்க தம்பி, ஒடம்புக்கு முடியாம கெடந்து எந்திரிச்சு வந்தீங்களா? சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிப்போச்சே" என்று பரிதாபமாகக் கேட்டார்.

வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெரியவர் தன் தோள் துண்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு அதைவிட அதிகமாகச் சிரித்தார். சிரித்த வாக்கில் தங்கள் மாப்பிள்ளைகள் எல்லாருக்கும் வேட்டியோடு துண்டும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். கடை சாத்தும்போது முதலாளி கூப்பிட்டார். "நாளைக்கும் கவுன்டருக்கே வந்துரு. சட்டைய மட்டும் உன்ற அளவுக்குப் போட்டுட்டு வா" என்றார். ரத்தினபுரிக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்றே தெரியாது.

வீட்டில் மாமனார் வெற்று உடம்போடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பாப்பா அவர் தோளில் கன்னத்தை அழுத்தித் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜொள்ளு முதுகு வரை வழிந்திருந்தது. துண்டு பக்கத்தில் மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொள்ளச் சொல்லிச் சொல்லி என் மனைவி அலுத்துப்போயிருந்தாள்.

"துணின்னா தொவைக்கோணுமுங்க மாப்பிள்ள. தோலுக்கென்ன, ஒரு சொம்புத் தண்ணி ஊத்துனா ஆச்சு" என்றார்.

கவுன்டர் வேலை நிலைத்துவிட்டது என்று சொன்னேன். குழந்தை எழுந்துவிடாமல் மெல்லத் தலையை ஆட்டினார். அந்த மனிதரை எனக்கு அன்றிலிருந்துதான் பிடித்துப்போனது. அடுத்த முறை வந்தபோது அந்தச் சட்டையைக் கொண்டுவந்து, இங்கேயே கிடக்கட்டும் என்று கதவு ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். ஆபத்துக்கு உதவி உதவி, துவைத்துத் துவைத்து, அது பூப்போல ஆகிவிட்டது. பையன் பிறந்தபோது மனைவி அதைக் கிழித்து அவனுக்கு வாய் துடைக்கிற துணியாக்கினாள். இப்போது அதில் ஒரு பொத்தான்கூட மிச்சமில்லை. மாமனாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள்.

போன வாரம் என் மாப்பிள்ளை இவர்களைக் கொண்டுவந்து விட்டுப்போனார். டீ ஷர்ட் போட்டுக்கொண்டு, பேரனை நெஞ்சோடு பெல்ட்டில் கட்டிக்கொண்டு, "ஹாய் மாமா" என்று காரிலிருந்து இறங்கினார். என் கை தானாகத் தோளுக்குப் போனது. அங்கே துண்டு இல்லை. சும்மா சொறிந்துகொண்டு, "வாங்க மாப்பிள்ள" என்றேன். நல்ல பிள்ளை, டயப்பர்கூட அவரே மாற்றுகிறார். எனக்கு ஒரு குறையும் இல்லை.

இன்று காலை பேரனைத் தூக்கிக்கொண்டு வீதி முனை வரை போனேன். பிப் போடலியா, துண்டாவது போட்டுக்குங்க என்று மகள் பின்னாலிருந்து கூப்பிட்டாள். காது கேட்காதவன் போல நடந்தேன். அவனும் இடது தோளில்தான் மோவாயை வைக்கிறான், காக்காய்களைத்தான் பார்க்கிறான். சட்டை நன்றாக ஊறிவிட்டது. பீரோ நிறையச் சட்டைகள் இருக்கின்றன, எந்தக் கவுன்டருக்கும் போக வேண்டியதில்லை. அதனால் நிதானமாக இன்னொரு நடையும் நடந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ரயில். திங்கட்கிழமை காலையில் இடது தோளில் என் சட்டை காய்ந்தேதான் இருக்கும்.