கணபதிக்கு அடித்த உறுமி

எங்கள் தாராவிக் கட்டடத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தியிருந்தால் ஒன்று ஊருக்குப் போயிருக்கிறார்கள், இல்லாவிட்டால் சண்டை. சத்தம் தெருமுனை வரை கேட்டால்தான் சண்டை என்று நம்பும் திருநெல்வேலிக்காரர்களுக்கு இது பிடிபட நாளாகும். எதிர்வீட்டு சுனந்தாவின் கதவு ஒரு கணபதி விழா சமயத்தில் மூடிக்கொண்டது. மறுநாள் என் மனைவி செல்வியும் எங்கள் கதவைச் சாத்தினாள். செல்வியின் பிரசவத்தின்போது சயான் ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்தவள் இந்த சுனந்தா.

காரணம் மேளம். எங்கள் முத்தாரம்மன் கொடை விழாவுக்கு உறுமி அடித்தபோது மராத்திக்காரர்கள் போலீசைக் கூப்பிட்டார்கள். அவர்கள் கணபதிக்கு டோல் மேளம் அடித்தபோது நாங்கள் கூப்பிட்டோம். இரண்டு முறையும் ஒரே ஹவல்தார்தான் வந்தார். இரண்டு பக்கமும் பிரசாதம் சாப்பிட்டுவிட்டுப் போனார். சுனந்தாவின் கணவர் விலாஸ் அவர்களுடைய கணபதி விழாக் குழுவான மண்டலின் செயலாளர், நான் எங்கள் கோயில் கமிட்டி. வீராவேசமாகப் புகார் கொடுத்த நாங்கள் இருவரும் லிஃப்டில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம். பேச்சை நிறுத்தியது பெண்கள்தான். செல்வி குழம்பு கொதிக்கும்போதே எதிர்க்கதவை எட்டிப் பார்ப்பாள். போய்ப் பேசேன் என்றால், "அவ மொதல்ல கதவத் தெறக்கட்டும்" என்பாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அடுத்த கணபதி வந்தபோது விலாஸிடம் ஒரு யோசனை சொன்னேன். ஆரத்திக்கு டோலும் உறுமியும் சேர்ந்து அடிக்கட்டும். "பராபர்! சரிதான்!" என்று சிரித்தார் அவர். "புகார் கொடுக்க ஆளே மிஞ்சாது."

உறுமிக்காரர் முருகனிடம், ஆரத்தி போகப்போக வேகமெடுக்கும், கூடவே போங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தேன். எங்கள் பக்கத்தில் உறுமி அப்படி வேகமெடுப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான் என்பதை யோசிக்கவில்லை. கைதட்டல் ஏற ஏற முருகனின் கை தன்னால் சாமியழைப்பு அடிக்குப் போய்விட்டது. பின்வரிசையில் முறைத்துக்கொண்டு நின்ற செல்வி தலைமுடி அவிழ ஆடத் தொடங்கினாள். கணபதி மண்டபத்தில் முத்தாரம்மனா! என்ன விளக்கம் சொல்லிச் சமாளிப்பது?

விளக்கம் தேவைப்படவில்லை. "தேவி அங்காத் ஆலி!" என்று மராத்திப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் ஊர்களிலும் சாமி இப்படித்தான் உடம்பில் வந்து இறங்குமாம். முதலில் ஓடிவந்தவள் சுனந்தா. செல்வியின் நெற்றி நிறைய மஞ்சளும் குங்குமமும் அப்பி, காலில் விழுந்து, "ஆயி, மேரா கல்தி க்யா?" என்று தன் தப்பைக் கேட்டு அழுதாள். முத்தாரம்மன் கொஞ்சமும் தயங்காமல் பம்பாய் இந்தியில் உறுமினாள்: "தர்வாஜா காயிகு பந்த் கியா?"

கதவை ஏன் சாத்தினாய் என்று தெய்வமே கேட்டபிறகு யார் சாத்துவார்கள்? மறுநாள் காலை இரண்டு கதவும் திறந்திருந்தன. செல்வி தனக்கு எதுவுமே நினைவில்லை என்கிறாள். நான் தோண்டித் துருவவில்லை.

இந்த வைகாசியில் மாமனார் ஊர்க் கொடைக்குப் போயிருந்தோம். உறுமி உச்சத்துக்கு ஏறியதும் செல்விக்குச் சாமி வந்தது. ஊரே வாக்குக் கேட்கக் கைகூப்பி நின்றது. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போய், "சுனந்தா கிதர்? சுனந்தா கிதர் ஹை?" என்றாள். சுனந்தா எங்கே என்று அம்மன் இந்தியில் கேட்பது அங்கே எனக்கு மட்டும்தான் புரிந்தது.

பூசாரி என் பக்கம் திரும்பினார். "மாப்ள, அம்மன் என்ன கேக்கா?"

"தண்ணி கேக்கா" என்றேன்.

மஞ்சள்நீரைக் குடத்தோடு தலையில் ஊற்றினார்கள். முகத்தில் வழிந்த நீரைத் துடைக்காமல், சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் நடுவில் நின்று, அவள் தேடிக்கொண்டே இருந்தாள்.