எடுத்துக் கொடுப்பவள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இஸ்திரி போடுவது அந்த வீட்டில் அவளுடைய பொறுப்பு. மருந்துக்கடை வைத்திருக்கும் கணவர் ஒருமுறை உதவிக்கு வந்து, தன் வெள்ளைச் சட்டையின் முதுகில் இஸ்திரிப்பெட்டியை முத்திரை மாதிரி பதித்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு ஒதுக்கப்பட்ட இலாகா சாக்ஸ். சோபாவில் உட்கார்ந்து, குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஜோடி சேர்ப்பார். கடையில் மாத்திரை எண்ணும்போது இருக்கும் அதே முகம்.

"இந்த... இதோட... அந்த இன்னொண்ணு..."

"சாம்பல் கலர்தானே? உங்க முழங்காலுக்கு அடியில கிடக்கு."

"ஆங்."

அந்த வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கும். அவர் ஆரம்பிப்பார், அவள் முடித்து வைப்பாள். கல்யாணமான புதிதில் அவர் மலைத்துப்போய், "மனசுக்குள்ள புகுந்து பாக்கிறியா?" என்று கேட்டார். மனசுக்குள் புகுவதெல்லாம் யாரால் முடியும்? அவள் பார்த்தது அவருடைய கால்களை. அது கல்லூரியில் கற்றுக்கொண்ட வித்தை. வகுப்பறையில் அல்ல.

கல்லூரியில் முதல் வருடம் முழுக்க அவள் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. வணிகவியல் வகுப்பு, பேருந்து, வீடு. கடைசி மணி அடித்ததும் கிளம்பிவிட வேண்டும் என்பது அவள் அப்பாவின் உத்தரவு. வருடக் கடைசியில் ஒருநாள், தினமும் பக்கத்திலேயே உட்கார்ந்த பெண் அவளைப் பார்த்து, "நீ புதுசா சேர்ந்திருக்கியா?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டாள்.

இரண்டாம் வருடம் ஒருநாள் அடைமழை. பேருந்து வரவில்லை. ஒதுங்க இடம் தேடிக் கல்லூரி அரங்கத்துக்குள் நுழைந்தாள். உள்ளே நாடக ஒத்திகை. நாடகத்தை நடத்திக்கொண்டிருந்த சீனியர் பெண்ணுக்குப் பெயரே சர்வாதிகாரி. அவள் இவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"படிக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"சத்தம் போடாம படிப்பியா?"

"நான் எப்பவுமே சத்தம் போட்டதில்ல."

"அப்ப நீதான் ஆளு. பிடி."

வசனப் பிரதி கைக்கு வந்தது. வழக்கமாக வசனம் எடுத்துக் கொடுக்கும் பையனுக்கு அம்மை. மேடையின் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் ஒரு முக்காலி. ஒரு கால் ஆடும். அதில் உட்கார்ந்து, யாராவது வசனத்தை மறந்து விழித்தால் கிசுகிசுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவள் குரல் திரைக்குப் பின்னாலிருந்து காற்று மாதிரி வந்ததால் இரண்டே ஒத்திகையில் 'காத்து' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வகுப்பில் பெயரே இல்லாதவளுக்கு இங்கே பட்டப்பெயரே கிடைத்துவிட்டது.

முதல் மேடையேற்றத்தில் மானம் கப்பலேறியது. பல வருடம் கழித்து வீடு திரும்பும் மகன், அம்மாவின் காலி நாற்காலி முன்னால் நிற்கிறான். நிற்கிறான், நின்றுகொண்டே இருக்கிறான். மறந்துவிட்டான் என்று இவளுக்குப் பதற்றம். கிசுகிசுத்தாள். கேட்கவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் பலமாக, "அம்மா எங்கே!"

மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவன் பதில் சொன்னான்: "சமையல்கட்டுல!"

அரங்கமே உருண்டு புரண்டு சிரித்தது. திரை விழுந்ததும் கதாநாயகன் வந்து குதித்தான்.

"நான் மறக்கல! அழுதுக்கிட்டு இருந்தேன்!"

"எனக்கு எப்படித் தெரியும்? உன் முகம் அந்தப் பக்கம் இருந்துச்சு."

அவளும் அழுதாள். இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று சர்வாதிகாரியிடம் சொன்னாள். "அழுது முடிச்சிட்டியா? நாளைக்குச் சீக்கிரம் வா, நாற்காலி தூக்க ஆள் இல்ல" என்று சர்வாதிகாரி சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நாற்காலி தூக்கத்தான் மறுநாள் போனாள். மறுபடியும் முக்காலியில் உட்கார்ந்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. அங்கிருந்து பார்த்தால் முகம் தெரியாது. திரைக்கும் தரைக்கும் நடுவே வெறுங்கால்கள் மட்டும் தெரியும். வேண்டுமென்று நிற்பவனின் கால் தரையில் அப்பியதுபோல் இருக்கும். மறந்துபோனவனின் கட்டைவிரலோ, வசனம் தரையில்தான் எங்கேயோ விழுந்துவிட்டது என்பதுபோலத் தேய்த்துத் தேய்த்துத் தேடும். அதற்குப் பிறகு அவள் தவறியதே இல்லை.

மூன்றாம் வருடம் முடிவதற்குள் அவளுக்குச் சண்டை போட ஆள் இருந்தது, சமாதானத்துக்கு டீ வாங்கித் தர ஆள் இருந்தது. அரங்கச் சாவிக்காக முதல்வர் அறை வாசலில் நின்று வாதாடினாள். மதிப்பெண் கூடவில்லை, புள்ளியியலில் குறைந்தது, அதை அப்பா விடாமல் சொல்லிக்காட்டினார். ஆனால் பக்கத்து இருக்கைப் பெண் இப்போதும் தொலைபேசியில் "என்னடி காத்து" என்றுதான் ஆரம்பிக்கிறாள்.

இப்போது அவளுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து "அது வந்து..." என்று நிற்பவர்களில் யாருக்குச் சொல் வேண்டும், யாருக்கு நேரம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே சரியாகச் செய்பவள் வீட்டில் மட்டும் கோட்டை விட்டாள். மகளுக்கு எல்லாவற்றையும் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள். என்ன படிக்கிறாய் என்று உறவினர் கேட்டால் அம்மா பதில் சொல்வாள். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டாலும் அம்மாதான். பள்ளியில் எல்லோரையும்விட ஒரு தலை உயரமாய், கூனிக் கூனி நடந்த பெண் அது. கல்லூரிக்குப் போயும் ஆறு மாதம் கூனித்தான் நடந்தது.

போன மாதத்திலிருந்து நிமிர்ந்து நடக்கிறது. முழங்கையில் சிராய்ப்பு. சாப்பிடும்போது, யாரோ லெஃப்ட் பேக்காம், அவள் சொன்ன ஜோக்கை நினைத்துத் தனக்குத்தானே சிரிக்கிறது.

நேற்று சமையலறையில் விஷயம் வெளியே வந்தது. கல்லூரிக் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பராக எடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை பெயர் கொடுத்தாக வேண்டும். படிக்கத்தான் காலேஜ், மற்றதெல்லாம் பொழுதுபோக்கு என்பது கணவரின் கட்சி.

"நீயே அப்பாகிட்ட சொல்லிடேன்மா."

"சரி, சொல்றேன்."

"வேணாம், வேணாம். நானே சொல்றேன். நீ நடுவுல வாயைத் திறக்காம இருந்தா போதும்."

"திறக்க மாட்டேன்."

"நீயா? எனக்கு எந்தப் பல்லு வலிக்குதுன்னு டாக்டர்கிட்ட நீதானே சொல்லுவே!"

சுருக்கென்றது. நியாயம்தான் என்பதால் இன்னும் கொஞ்சம் சுருக்கென்றது.

இப்போது சோபாவில் கணவர் குவியலின் அடியிலிருந்து எதையோ இழுத்தார். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. மஞ்சளும் கறுப்புமாய் முழங்கால்வரை நீண்ட சாக்ஸ்.

"இது என்ன, சாக்ஸா, தலையணை உறையா? யாரோடது?"

வாசலில் மகள் நின்றாள்.

"என்னோடதுப்பா."

அதோடு நின்றுவிட்டது. அறையில் இஸ்திரிப்பெட்டியின் சீறல் மட்டும். தாய்க்கு வாய்வரை வந்துவிட்டது, முழு வசனமும்: டீமில் எடுத்திருக்காங்க, கோல்கீப்பர், நல்லா விளையாடுறாளாம். உதட்டைக் கடித்துக்கொண்டு மகளின் காலைப் பார்த்தாள். பெரிய, நீளமான பாதங்கள். இரண்டும் தரையில் அப்பியிருந்தன. கட்டைவிரல் அசையவில்லை.

மறக்கவில்லை. நிற்கிறாள்.

இஸ்திரிப்பெட்டிக்கு அடியில் தலையணை உறை பொசுங்கும் வாசனை வந்தது. பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைத்தாள். வாயைத் திறக்கவில்லை.

"காலேஜ் டீம்ல கோல்கீப்பரா எடுத்திருக்காங்க" என்றாள் மகள். "தினமும் சாயங்காலம் பிராக்டிஸ். வர ஏழு மணி ஆகும். நாளைக்குப் பேர் கொடுக்கணும். வேணாம்னு சொன்னீங்கன்னா சண்டை போடுவேன். ஆனா சரின்னு சொல்லி அனுப்பினா நல்லா இருக்கும்."

"படிப்பு..."

"அங்க பாதிப் பேரு என் கிளாஸ்தான்பா. இப்பதான் சந்தேகம் கேக்கவே ஆள் இருக்கு."

"கை கால்ல அடிபட்டு..."

"மருந்துக்கடை வச்சிருக்கீங்களே."

"அதுக்கில்ல. ஏழு மணின்னா..."

"நீங்க கடையை அடைக்கிறது எட்டு மணிக்கு. உங்களுக்கு முன்னாடி நான் வீட்ல இருப்பேன்."

"அதுக்கில்லம்மா... அது வந்து..."

மஞ்சள் சாக்ஸைக் கையில் சுற்றியபடி அவர் நிறுத்தினார். அவருடைய கட்டைவிரல் தரையைத் தேய்த்தது. இடப்பக்கம் தேடியது, வலப்பக்கம் தேடியது. பிறகு, இத்தனை வருடப் பழக்கத்தில், தலை தானாக இஸ்திரி மேசைப் பக்கம் திரும்பியது.

"ஏம்மா, நான் இப்ப என்ன சொல்ல வந்தேன்?"

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். பொசுங்கிய உறையை அடியில் வைத்து, மடித்த துணிகளை முகவாய்வரை அடுக்கி, மகளைக் கடந்து அறையை விட்டு வெளியே போனாள்.